பிள்ளைகள் கேட்டது

12 ஜூன் 2025, வியாழன்

இன்று பள்ளி திறந்தது. ஆந்திர மாநிலம் முழுக்க நடந்த ஆசிரியர் இடமாற்றத்தில் வடமாலபேட்டை மண்டலத்தின் பல பள்ளிகளில் முகங்கள் மாறிவிட்டன. எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கும் புதிய தலைமை ஆசிரியை வந்திருக்கிறார். புத்தகப்பை, சீருடைத் துணி, ஷூ, நோட்டு எல்லாம் ‘சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் வித்யார்த்தி மித்ரா’ என்ற பெயரில் வந்து இறங்கின. மதிய உணவுக்கு இன்று முதல் சன்ன அரிசி. ‘தல்லிகி வந்தனம்’ திட்டப் பணம் பிள்ளைக்கு 13,000 ரூபாய் வீதம் தாய்மார் கணக்குக்குப் போகிறது. 15,000இல் பிடித்த 2,000 ரூபாய் பள்ளிப் பராமரிப்புக்கு.

இப்படிப்பட்ட நாளில் புதிதாக வந்தவர் என்ன பேசுவார் என்று நான் ஓரளவு ஊகித்திருந்தேன். ஒழுக்கம், நேரம் தவறாமை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. மேடம் அவற்றைத் தொடவே இல்லை. காலை வழிபாட்டில் நின்றபடி பிள்ளைகளிடம் சொன்னார்: “ஆளுக்கு அரைத் தாள் தருவோம். இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். தெலுங்கோ தமிழோ, எது கை வருகிறதோ அதில் எழுதுங்கள். ஜூலை பிறப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் சொல்வேன்.”

நான் சமூக அறிவியல் நடத்துகிறவன். அரசியலமைப்பு, உரிமைகள், உள்ளாட்சி எல்லாம் என் பாடத்தில் வருகின்றன. கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். கேட்டால் பதில் வரும் என்பதை எங்கள் பிள்ளைகள் எந்த அலுவலகத்தில், எந்த வாசலில் கண்டிருக்கிறார்கள்?

20 ஜூன், வெள்ளி

தாள்களைப் படிக்க மேடம் எங்களில் சிலரைக் கூட உட்காரவைத்தார். பள்ளி விட்ட பிறகு ஆரம்பித்தது, விளக்குப் போட்ட பிறகும் முடியவில்லை.

நான் எதிர்பார்த்தது கம்ப்யூட்டர், சுற்றுலா, கிரிக்கெட் மட்டை. அவையும் இருந்தன. ஆனால் திரும்பத் திரும்ப வந்தவை வேறு. பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்காமல் தாளை மட்டும் கையில் கொடுப்பது. நூலக அலமாரியின் பூட்டைத் திறந்து வைப்பது. மைதானத்தில் பையன்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள், எங்களுக்கு எப்போது என்று பல கையெழுத்துகளில் ஒரே கேள்வி. மாலைப் பேருந்தைப் பிடிக்கக் கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் விட முடியுமா என்று உள்ளடங்கிய ஊர்களின் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். பத்தாவதுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும், வீட்டில் யாருக்கும் தெரியாது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

ஒரு தாள் தமிழில் இருந்தது. எழுத்துக்கூட்டி எழுதிய தமிழ். “எங்கள் பாட்டிக்குப் படித்துக் காட்ட ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் வேண்டும்.” அதை நான் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. புத்தூரும் நாங்களும் ஆந்திரத்தில் நின்றோம். அரசாங்கம் வகுத்த கோடு அது. வீட்டுக்குள் அது போகவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் திருத்தணி வரை, அரக்கோணம் வரை நடக்கின்றன. எங்கள் வகுப்பறையில் வீட்டில் தமிழ் பேசி, தெருவில் தெலுங்கு பேசி, இடது பக்கம் ஒரு மொழியும் வலது பக்கம் இன்னொன்றுமாக அச்சிட்ட பாடப்புத்தகத்தில் ஆங்கிலத்தை எட்டிப்பிடிக்கும் பிள்ளை ஒவ்வொரு வரிசையிலும் உண்டு. இந்தப் பிள்ளைகளை மொழியில் பின்தங்கியவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டு வயதில் இத்தனையையும் சுமந்து நடப்பது சின்ன வேலையா?

இன்னொரு தாளை மேடம் எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். “என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காலனிப் பையன் என்று கூப்பிட வேண்டாம்.” படித்துவிட்டு, “இதற்கு ஜூலை வரை தவணை கிடையாது” என்றார். திங்கள்கிழமை முதல் எந்த வகுப்பிலும், ஆசிரியர் அறையிலும்கூட, எந்தப் பிள்ளையையும் ஊரையோ தெருவையோ சொல்லி அழைக்கக் கூடாது. பெயர் தெரியாத ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக்கொண்டு வரட்டும். இதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. அத்தனை பேரும் கேட்டார்கள்.

30 ஜூன், திங்கள்

சொன்னபடி பதில் சொன்னார். தாழ்ப்பாள் போன வாரமே வந்துவிட்டது. அலமாரிச் சாவி இனி ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவரிடம். செவ்வாயும் வியாழனும் கடைசிப் பாடவேளையில் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. மதிப்பெண் இனி உரக்கப் படிக்கப்படாது. சுற்றுலா இந்த ஆண்டு இல்லை, காரணம் பணம். பத்து நிமிடம் முன்னால் விடுவதற்கு விதி இடம் கொடுக்காது. பேருந்து நேரத்தை மாற்றக் கேட்கலாம், அதற்குப் பெற்றோர் குழு கையெழுத்துப் போட வேண்டும்.

“முடியாது” என்று சொன்ன இடத்திலும் பிள்ளைகள் கைதட்டியதைக் குறித்து வைக்கிறேன்.

10 ஜூலை, வியாழன்

மாநிலம் முழுவதும் இன்று மெகா பெற்றோர்–ஆசிரியர் கூட்டம். முதலமைச்சர் கொத்தசெருவு பள்ளியில் கலந்துகொண்டார். எங்கள் வாசலிலும் ரங்கோலி, தாய்மாருக்குப் போட்டி, மரக்கன்று நடுதல் எல்லாம் நடந்தன. அம்மாக்கள் நிறைய வந்தார்கள். அப்பாக்கள் விரல்விட்டு எண்ணும்படி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தோத்தாபுரி மாங்காய்க்கு இந்த வருஷம் விலையே இல்லை. கிலோ 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது: கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய். அறிவிப்பு ஒன்று, ஆலை வாசலில் நடப்பது வேறொன்று. டிராக்டரில் காயை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இரவும் பகலும் வரிசையில் கிடக்கிறார்கள். காய் வண்டியிலேயே கனிந்து ஒழுகுகிறது. வண்டியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்?

கூட்டம் முடிந்ததும் படமும் அறிக்கையும் அனுப்பியாகிவிட்டது. மேடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “வராதவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் போவோம்” என்றார்.

13 ஜூலை, ஞாயிறு

மாலை, ஊர்க்கோயில் திண்ணையில் கூட்டம். மைக் இல்லை, பேனர் இல்லை. பெற்றோர் குழுத் தலைவி எங்களுக்கு முன்னாலேயே வந்து பாய் விரித்திருந்தார். மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். போன ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலம் முழுக்க நடந்த பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் வந்தவர். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பல இடங்களில் அது கையெழுத்துப் போடும் குழுவாகவே நின்றுவிடுகிறது. தலைவியை மேடம் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பேச்சை ஆரம்பிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்.

தாள்களில் இருந்ததை, எழுதியது யார் என்று காட்டாமல், நான் தமிழிலும் மேடம் தெலுங்கிலும் படித்தோம். பேருந்து விஷயம் வந்ததும் பேச்சு சூடுபிடித்தது. ஒருவர் எழுந்து, “சார், மாங்காய்க்கு விலை கேட்டு ஆலை வாசலில் நிற்கிறோம். பிள்ளைக்கு பஸ் கேட்டு இன்னொரு வாசலா?” என்றார். அவருக்குத் தலைவி பதில் சொன்னார்: “அண்ணே, அந்த வாசல்ல நீங்க ஒவ்வொருத்தரா நிக்கிறீங்க. இதுக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்.” மனுவில் அங்கேயே கையெழுத்து வாங்கினோம். படிக்காதவர்கள் ரேகை வைத்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்களும் ஊர்க்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இந்தப் பகுதியில்தான் பிறந்து வளர்ந்தேன். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

மாணவர் தலைவர் தேர்தல். முன்பெல்லாம் முதல் மதிப்பெண் வாங்கும் பையனை ஆசிரியர்களே வைத்துவிடுவது வழக்கம். இந்த முறை அட்டைப் பெட்டி, வாக்குச் சீட்டு, விரலில் மை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜெயித்தாள். நூலகச் சாவி வைத்திருக்கும் இருவரில் ஒருத்தி. மதிப்பெண்ணில் நடுவரிசை. அவள் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: கோரிக்கைகளின் நிலவரத்தை மாதம் ஒருமுறை காலை வழிபாட்டில் படிப்பாள்.

இந்த ஒரு வாக்குறுதியின் கனம் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். படிக்கும் நாளில் மேடமும் அந்த வரிசையில் நின்று கேட்க வேண்டுமே.

18 ஆகஸ்ட், திங்கள்

வகுப்பில் பாதி காலி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சிலர் வந்திருந்தார்கள். 15ஆம் தேதி ‘ஸ்த்ரீ சக்தி’ திட்டம் தொடங்கியதில் பெண் பிள்ளைகளுக்குப் பேருந்து இலவசம். கட்டணத்துக்காகவே ஒன்பதாவதோடு நிறுத்துவதாக இருந்த ஒரு பெண்ணின் அம்மா இன்று வந்து, “இனிமே அனுப்புறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். இலவசம் வந்துவிட்டது, நேரம் மட்டும் இன்னும் மாறவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து, 1896 முதல் சில ஆண்டுகள் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மண்டலம். பிள்ளைகளின் புத்தகப்பையில் இருப்பது அவர் பெயர். இதைச் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அவர் எந்த பஸ்ல போனார் சார்?” வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. ஒரு பிள்ளை பெரிய பள்ளிக்குப் போய்ச் சேர்வதில் பாதி, போய்வரும் வழியைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் ரயில் இருந்தது என்று சொல்லி, அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையை வரைந்து காட்டினேன்: நகரி, புத்தூர், தடுக்கு, பூடி.

4 அக்டோபர், சனி

புரட்டாசி சனி. தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் ஆடையில் நடந்தே திருப்பதி போகும் பக்தர்கள் சாலை நெடுக. மாணவர் தலைவியும் அவள் குழுவும் நெடுஞ்சாலை ஓரத்தில் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: காகிதக் குவளைகளை அவர்களே பொறுக்கி மூட்டை கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போளூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் தமிழில் பேசியதும் அந்தத் தமிழ்த் தாளை எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்து, குழுவில் ஒருத்தி வாய் ஓயாமல் பேசினாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கதைப் புத்தகங்கள் அலமாரியில் இப்போது இருக்கின்றன. திருத்தணியில் வாங்கி வந்தேன்.

17 அக்டோபர், வெள்ளி

மெகா டி.எஸ்.சி.யில் தேர்வான ஆசிரியர்கள் பணியில் சேர்ந்துவிட்டார்கள். மாநிலத்தில் 16,347 இடங்களுக்கு அறிவித்த தேர்வு அது. எங்கள் கணித இடத்துக்கும் இளைஞர் ஒருவர் வந்திருக்கிறார். ஜூன் தாள்களில் “கணக்கு சார் வேண்டும்” என்று எழுதியவர்களுக்கு இன்று பதில். மாணவர் தலைவி தன் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டாள்.

மதியம் சமையலக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். சன்ன அரிசி வந்த பிறகு தட்டில் மிச்சம் வைப்பது குறைந்திருக்கிறது என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956இல். இந்தப் பக்கம் சமைத்த சோறு நிலையாக வந்தது உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவு போட்ட பிறகு, 2003 ஜனவரியில். நடுவில் எத்தனை பிள்ளைகள் பசியோடு பள்ளியை விட்டுப் போனார்கள்! அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எங்கள் பெற்றோர் குழுவில் இருக்கிறார்கள். சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்கும் முறை வரும் நாளில் ஒருவரும் தவறுவதில்லை.

8 டிசம்பர், திங்கள்

பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. கடந்த தேர்வில் மாநிலத் தேர்ச்சி 81.14 விழுக்காடு. மேலிருந்து இலக்கு வருகிறது, தினமும் கணக்குக் கேட்கிறார்கள். இலக்கை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் தேற வேண்டும் என்று என்னைவிட யார் ஆசைப்படுவார்கள்? ஆனால் ஆறு மணிக்கு மேல் இருட்டில் ஊருக்குப் போக வழியில்லாத பெண்ணிடம் விழுக்காட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மனுவுக்குப் பாதி பதில் வந்திருக்கிறது. காலைப் பேருந்து கால் மணி முன்னால் வருகிறது. மாலைப் பேருந்து இன்னும் பழைய நேரத்தில். பெற்றோர் குழு மறுபடி கூடியது. ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாக்கள் முறை வைத்துக்கொண்டு, மார்ச் தேர்வு முடியும்வரை பிள்ளைகளை இறக்கிவிட ஒப்புக்கொண்டார்கள். டீசல் செலவைக் குழுவில் பிரித்துக்கொள்வது. ஜூலையில் “இன்னொரு வாசலா” என்று கேட்டவர்தான் திங்கள்கிழமை முறைக்கு முதலில் பெயர் கொடுத்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு அம்மா கூடப் போக வேண்டும் என்று தலைவி பிடிவாதமாகச் சொல்லி, அதற்கும் பட்டியல் போட்டாயிற்று.

மாலைப் பேருந்துக்காக அடுத்த வாரம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை மாணவர் தலைவியும் வருகிறாள். எந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்கிறார்கள் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு அவளே அட்டவணை போட்டிருக்கிறாள். கூட்டலை மட்டும் சரிபார்த்துக் கொடுங்கள் என்று புதிய கணக்கு சாரிடம் நீட்டினாள். பார்த்துவிட்டுச் சரி என்றார்.