சாயம் வெளுக்கலாம், வாக்கு வெளுக்கலாமா?

திருச்சிப் பெரிய கடைவீதியில் எங்கள் துணிக்கடை திறக்கப்பட்ட ஆண்டு 1974. அத்தா அவர்கள் அன்று அடுக்கி வைத்தவை கைலியும் வாயில் புடவையும் மட்டுமே. இன்று அதே சிறிய கடையில் ஜீன்ஸ் துணியும் கால்சட்டைகளும் தவிர வேறொன்றும் இல்லை. இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று எங்களைக் கேட்போர் பலர். அதற்கு எங்களுக்குத் தெரிந்த விடையை இங்குக் கூற விழைகிறோம்.

1980களின் பிற்பகுதியில் அகமதாபாத்தின் அரவிந்த் ஆலை டெனிம் நெய்யத் தொடங்கியது. அதுவரை வெளிநாட்டுப் பயணிகளின் பெட்டிகளில் வந்திறங்கிய அந்த முரட்டு நீலத்துணி, உள்நாட்டிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கலாயிற்று. அதை வாங்கி விற்கலாமென்று சகோதரர்கள் நாங்கள் இருவரும் அத்தாவிடம் மன்றாடினோம். அவர்கள் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நகத்தால் கீறிப் பார்த்தார்கள். "நீலம் மேலே மட்டும்தானே இருக்கிறது! இதைச் சாயம் போகாத துணியென்று எந்த வாயால் சொல்வீர்கள்?" என்றார்கள்.

அவர்கள் கண்டது சரியே. டெனிமில் பாவு நூலுக்கு மட்டுமே நீலச் சாயம். ஊடை நூல் வெள்ளை. எத்தனை முறை சாயத்தொட்டியில் முக்கிக் காற்றாட விட்டாலும் நீலம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடும். நடுப்பகுதி வெண்மையாகவே இருக்கும். உராயுமிடமெல்லாம் அது வெளுப்பது இதனால்தான். வெளுப்பது குற்றமன்று, அத்துணியின் இயல்பு. அந்த இயல்பைச் சொல்லி விற்பதாக வாக்களித்த பின்னரே அத்தா இசைந்தார்கள்.

ஆனால் சுருக்கத்தைப் பற்றி நாங்கள் வாக்களிக்கவில்லை! 1991இல், ஆலையில் சுருக்கம் நீக்கப்படாத டெனிம் ஒரு பேல் மலிவாக வந்தது. அத்தகைய துணி நனைந்தால் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை சுருங்கக்கூடும். அறிந்தே வாய்மூடி விற்றோம். பெருநாளுக்குத் தைத்த கால்சட்டையை ஒருமுறை துவைத்ததும் அது மூன்று விரற்கடை ஏறிவிட்டதென்று ஒரு கல்லூரி மாணவர் வந்து நின்றார். "கணுக்காலுக்கு மேலே உடுத்துவது சுன்னத்துதானே, தம்பி!" என்று எங்களில் ஒருவர் வேடிக்கை பேசினார். கடையில் இருந்தோர் சிரித்தனர். அத்தா சிரிக்கவில்லை.

"மார்க்கத்தைக் கொண்டு மோசடியை மூடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவைத் திறந்தார்கள். துணியின் விலையோடு தையற்கூலியும் சேர்த்து அம்மாணவர் கையில் கொடுத்தார்கள். அத்துடன் விடவில்லை. ரசீதுப் புத்தகத்தில் பெயர் இருந்தோர் அனைவரையும் தேடிப்போய்ப் பணம் கொடுத்துவரச் செய்தார்கள். அக்காளின் திருமணத்திற்கென ஒதுக்கியிருந்த தொகையில் பாதி அவ்வாறு கரைந்தது. திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அக்காள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசிற்று. எஞ்சிய துணியை வீட்டுக் கிணற்றடியில் நனைத்து, மாடியில் உலர்த்தி, சுருங்கியபின் அளந்து விற்றோம்.

அதன்பின் எத்தனையோ வந்தன. 1995இல் வெட்டித் தைப்பதற்கென உறையிலிட்ட ஜீன்ஸ் துணி நாடெங்கும் பரவியது. பெரிய காட்சியகங்கள் எழுந்தன. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் ஊரடங்கு என அடிமேல் அடி. ஒவ்வொரு முறையும் எங்களைக் கரையேற்றியவர்கள் பழைய வாடிக்கையாளர்களே. முழங்காலில் கிழிந்ததைத் தைத்துக் கொடுப்போம், இடுப்பைப் பிரித்து விடுவோம், எது வெளுக்கும் எது சுருங்கும் என்று முன்கூட்டியே சொல்வோம் என்பதற்காக வந்தவர்கள். அந்த மாணவர் இன்று தம் மகனை அழைத்து வருகிறார்.

அத்தா வஃபாத்தாகி ஆண்டுகள் பல ஆயின. இப்போது எங்கள் அடுத்த தலைமுறைப் பிள்ளை கணக்கொன்று போட்டுக் காட்டுகிறான். கடையைக் கைப்பேசி விற்போருக்கு வாடகைக்கு விட்டால், நாங்கள் ஈட்டும் இலாபத்தைவிட அதிகம் வரும் என்கிறான். கணக்கில் பிழையில்லை. மறுப்பதற்கு எங்களிடம் எண்கள் இல்லை. ஓராண்டு கல்லாவில் அமர்ந்துவிட்டுப் பிறகு முடிவு சொல் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

எட்டு மாதங்கள் கழிந்துள்ளன. முடிவை அவன் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் துணி வாங்க வந்த ஒருவரிடம், "நனைத்து உலர்த்தியபின் வெட்டச் சொல்லுங்கள், அண்ணே, இது சுருங்கும்" என்று அவனாகவே சொன்னதைக் கேட்டோம். கடை நிலைக்குமோ நிலைக்காதோ, இறைவன் அறிவான். அந்தச் சொல் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்!