ஆறில் ஒரு மின்கலம்

அக்டோபர் நடுவில் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குத் திரும்பியபோது, முனிர்க்காவில் உள்ள என் மூன்றாம் மாடி அறையில் இரண்டு மாதப் புழுதி படிந்திருந்தது. தேசிய நூலகத்தில் எட்டு வாரம் பழைய நாளிதழ்களைப் புரட்டியதில் மூச்சு ஏற்கெனவே இறுகியிருந்தது. துடைப்பம் தூசியை அகற்றுவதற்கு முன் ஒருமுறை காற்றில் எழுப்பிவிடும் என்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தெரியும். ஈரத்துணி தரைக்குப் போதும். மெத்தைக்கும் புத்தக அலமாரிக்கும் போதாது. அதற்காகவே இரண்டாண்டுகளுக்கு முன் 16,000 ரூபாய் கொடுத்துக் கம்பியில்லா வாக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கியிருந்தேன். அன்று அதைச் சார்ஜில் போட்டேன். சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டி அணைந்தது. பிடுங்கி மீண்டும் செருகினால் மீண்டும் மூன்று முறை.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் விசையை ஒருமுறை அழுத்தினார், விளக்கைப் பார்த்தார், ‘பேட்டரி டெட்’ என்று சீட்டில் எழுதினார். புதிய பேட்டரி பேக் 6,500 ரூபாய். ஓராண்டு உத்தரவாதம் முடிந்திருந்தது. எந்தக் கருவியையும் கையில் எடுக்காமலே அவர் முடிவுக்கு வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதும், அது வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை என்பதும் இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். அவர் தவறு என்று நிரூபித்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வெளியே வந்தேன். சான்றைத் தேடும் முன்பே முடிவைத் தீர்மானித்துவிட்டேன். என் மாணவர் எவரேனும் இப்படிச் செய்திருந்தால் கண்டித்திருப்பேன்.

மின்வேதியியலில் ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார், விருதுநகர்க்காரர். அவரிடம் சொன்னதும் கேட்ட முதல் கேள்வியே என்னைச் சற்று அவமானப்படுத்தியது.

“அக்கா, மொதல்ல பிளக் பாயிண்ட்ல கரண்ட் வருதான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போது நானே மெயின் சுவிட்சை அணைத்திருந்தேன். திரும்பியதும் போட்டது நினைவில் இருந்ததே தவிர, அந்தக் குறிப்பிட்ட துளையில் மின்சாரம் வருகிறதா என்று சோதித்ததில்லை. கைபேசிச் சார்ஜரைச் செருகினோம், வேலை செய்தது. அடுத்து அடாப்டர். அதன் முதுகில் 26 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது, மல்டிமீட்டர் 26.4 காட்டியது. கம்பி முனையருகே உள்ளே அறுந்திருக்கலாம் என்று அவர் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தார். எண் அசையவில்லை. அடுத்து, சுவர்த் தாங்கியிலும் கருவியிலும் ஒன்றையொன்று தொடும் செப்பு முனைகள். அவற்றின்மேல் மெல்லிய சாம்பல் படலம் இருந்தது. தூசியை உறிஞ்சும் கருவி தன் வாயிலிலேயே தூசியைச் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்ததும், குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டுச் செருகினோம். சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டியது.

வெப்பமும் காரணமாக இருக்கலாம் என்றார். லித்தியம் அயனி மின்கலங்களை உறைநிலைக்குக் கீழேயும், ஏறத்தாழ 45 பாகைக்கு மேலேயும் சார்ஜ் செய்யக்கூடாது. பேக்கின் உள்ளே இருக்கும் வெப்ப உணரி அப்போது மின்சாரத்தை ஏற்க மறுக்கும். தில்லியின் மே மாதத்தில் முழு வேகத்தில் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, சூடு ஆறாமல் தாங்கியில் மாட்டினால் இது நிகழும். அரைமணி பொறுத்தால் சரியாகிவிடும். எங்களுடையது அக்டோபர் காலை. அந்தக் காரணமும் விலகியது.

எஞ்சியது பேக் மட்டுமே. அதை அவர் ஆய்வகத்தில் வைத்துத் திறந்தார். வீட்டில் நான் திருப்புளியால் நெம்பியிருந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கும் என்று பின்னால் சொன்னார். உள்ளே ஆறு மின்கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் இவ்வகைக்கு 18650 என்று பெயர். முழுதாக நிரம்பினால் ஒன்றுக்கு 4.2 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 25.2. மொத்தத்தை அளந்தார்: 15.1. ஆறால் வகுத்தால் சுமார் 2.5. “வெறும் பட்டினிதானே, ஊட்டினால் பிழைத்துக்கொள்ளும்” என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒவ்வொன்றாக அளந்து காகிதத்தில் எழுதினார்: 2.9, 2.9, 2.8, 2.9, 2.9, 0.7.

சராசரியை நம்பியிருந்தால் அந்த ஆறாவது மின்கலத்தை நான் பார்த்தேயிருக்க மாட்டேன். ஒரே தொடரில் இருப்பவற்றுள் கொள்ளளவு சற்றே குறைந்த மின்கலம் எப்போதும் முதலில் வற்றும். மற்றவை இன்னும் தெம்போடு இருக்கும்போதே அது அடிமட்டத்தைத் தொட்டுவிடும். தொடக்கத்தில் நாற்பது நிமிடம் ஓடிய கருவி கோடையில் பன்னிரண்டு நிமிடத்தில் நின்றதன் காரணம் அதுவே. அப்போதே கவனித்திருக்க வேண்டும். மேலும் ஒன்று செய்தேன்: கொல்கத்தாவுக்குக் கிளம்பும் அன்று, கருவி தானாக நிற்கும்வரை அறையைச் சுத்தம் செய்து, அப்படியே மாட்டி, மெயினை அணைத்துவிட்டுப் போனேன். பேக்கின் காவல் சுற்றும் மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்ணும். இரண்டு மாதத்தில் அந்த நலிந்த மின்கலம் மீளாத ஆழத்துக்குப் போய்விட்டது. மூன்று சிமிட்டல் பழுதின் அறிகுறி என்றே எண்ணியிருந்தேன். காவல் சுற்று தன் கடமையைச் செய்து மறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இத்தகைய பேக்குகளை ‘எழுப்பும்’ காணொளிகள் ஏராளம். வேறொரு பேட்டரியின் முனைகளைச் சில நொடி தொடவைத்தால் மின்னழுத்தம் ஏறும், காவல் சுற்று ஏமாந்து கதவைத் திறக்கும். நானும் கேட்டேன்.

“எழுப்பிரலாம்க்கா. எழுந்தப்புறம் அது என்ன பண்ணும்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க தூங்குற ரூம்லதான மாட்டுவீங்க?”

மின்னழுத்தம் அவ்வளவு கீழே போனால் எதிர்முனையில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். சற்றே தாழ்ந்த மின்கலங்களை நல்ல சார்ஜர்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மெல்ல மீட்கும் என்பது உண்மை. 0.7 அந்த எல்லைக்கு வெளியே இருந்தது.

செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் சந்தையில் ஒருவர் அந்த ஒன்றை மட்டும் 250 ரூபாய்க்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். பழைய ஐந்தோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் மறுபடியும் சமனின்மை; வேறு மின்கலம் பலியாகும். ஆறையும் மாற்றலாம் என்று அவர் எடுத்துக்காட்டியவற்றில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. அந்த உருவளவில் நல்ல மின்கலமே ஏறத்தாழ 3,500தான் தாங்கும். கைத்திறன் மிக்கவர் அவர். பற்றவைப்பு அத்தனை சுத்தம். அவருக்கு நம்பகமான மின்கலம் எளிதில் கிடைக்காததும், ஒரு மின்கலத்துக்காக நான் ஆறுக்கும் உறைக்கும் சுற்றுக்கும் விலை கொடுக்க வேண்டியிருப்பதும் ஒரே குறைபாட்டின் இரு பக்கங்கள். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. பசையிட்டு ஒட்டிய பேக்கை எந்த இணையதளமும் திறந்து தராது.

இறுதியில் அதே சேவை மையத்துக்குப் போய் அதே 6,500 ரூபாயைக் கட்டினேன். சீட்டு எழுதியவர் என்னை நினைவில் வைத்திருந்தார். “அன்றே சொன்னேனே” என்று இந்தியில் சொன்னார். சொன்னது உண்மை. அளக்காமல் சொன்னார், அதுவும் உண்மை. அவருடைய முடிவு சரியாக இருந்ததை ஏற்க எனக்கு மூன்று வாரமும், இரவுகளில் வழக்கத்தைவிட இருமடங்கு இன்ஹேலரும் தேவைப்பட்டன. முனைகளில் காப்பு நாடா ஒட்டிய பழைய பேக்கை அவரிடம் நீட்டினேன். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 உற்பத்தியாளருக்கு விதிக்கும் பொறுப்பைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் அதைப் போட்டார். அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கிடந்தன.

பொங்கலுக்கு எடுக்கவிருந்த விமானச் சீட்டு ரயில் சீட்டாயிற்று. நாளை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அறையைச் சுத்தம் செய்து, பேக்கை நான்கில் இரண்டு விளக்கு எரியும்வரை சார்ஜ் ஏற்றி, கருவியிலிருந்து கழற்றி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.