நான்கு மைல் தள்ளி

ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். ஜெர்மனியின் நியூரம்பெர்க். 1471–1528.

அவருடைய முயல், 1502. இப்போது வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று பெரும்பாலும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

படம் சின்னது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

முயலின் கண்ணில் ஜன்னல் தெரிகிறது. குறுக்குச் சட்டம் உட்பட. அப்படியானால் அறைக்குள் வைத்து வரைந்தாரா? இல்லை, ஜன்னலை மட்டும் பட்டறையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தாரா?

ரோமம் ஒரே பக்கமாகப் படியவில்லை. அடியில் பழுப்பு நீர்வண்ணம், அதன்மேல் முடி முடியாக. அப்பா பொற்கொல்லர். பையன் முதலில் தொழில் பழகியது அந்தப் பட்டறையில்.

பின்னணி கிடையாது. வெறும் தாள். நிழல் மட்டும் உண்டு.

1503. புல். அவ்வளவுதான் படம்.

டான்டிலியன் பூக்கள் கூம்பிக் கிடக்கின்றன. பார்வை தரையோடு தரையாக. எலி பார்க்கிற உயரம். அடியில் ஈரமண்ணுக்குள் வேர் தெரிகிறது.

தேவமாதாவையும் பிரபுக்களையும் வரைந்து பிழைக்கிறவர். களைச்செடியை யாரிடம் விற்க?

இன்னொரு படம். செத்த பறவை ஒன்றின் இறக்கை. தனி இறக்கை. நம் பனங்காடையின் ஐரோப்பிய உறவு. அந்த நீலம்! பிய்த்த இடத்து ரத்தச் சிவப்பையும் விடவில்லை.

1515. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் லிஸ்பனில் இறங்குகிறது. டியூரர் போகவில்லை. ஒரு கடிதமும் கோட்டுப்படமும் நியூரம்பெர்க்குக்கு வந்தன. அதைக் கொண்டு மரச்செதுக்கு.

தோல் மடிப்பெல்லாம் இரும்புக் கவசம். காலில் செதில். தோள்மேல் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு, திருகலாக.

அந்தக் கொம்பு இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் முளைத்துக்கொண்டே இருந்தது.

நிஜ மிருகத்தைப் போப்புக்குப் பரிசாக அனுப்பினார்கள். 1516, இத்தாலிக் கரையோரம் கப்பலோடு மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்தார்களாம்.

1520 டிசம்பர். நெதர்லாந்தின் சீலாந்தில் திமிங்கிலம் கரையொதுங்கியதாகச் சேதி. ஐம்பதை நெருங்குகிற ஆள், குளிரில் கிளம்பிவிட்டார். காற்றில் படகு கவிழப் பார்த்தது. போய்ச் சேர்வதற்குள் கடல் திமிங்கிலத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திமிங்கிலப் படம் இல்லை. கடிதத்தை நம்பி வரைந்தவர், இதை ஏன் வரையவில்லை?

1525 ஜூன். ஒரு கனவு. வானத்திலிருந்து தண்ணீர் பெருந்தூண்களாகக் கொட்டுகிறது. உடம்பெல்லாம் நடுங்க விழித்தார். காலையில் நீர்வண்ணத்தில் தீட்டி, கீழே கைப்பட எழுதியும் வைத்தார்.

முதல் தண்ணீர் விழுந்த இடம் தன்னிடமிருந்து சுமார் நான்கு மைல் என்று அதில் குறிப்பு.

கனவில் மைல் கணக்கு.

அதே 1525இல் அவருடைய வடிவியல் நூலும் அச்சானது. கவராயமும் அளவுகோலும் கொண்டு எதையும் எப்படி அளப்பது என்று, ஓவியர்களுக்கும் தச்சர்களுக்கும்.