இரண்டாம் இடம் போதாது

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் சிலாங்கூர் காற்பந்து அணியைப் பற்றி யாரும் தணிந்த குரலில் பேசுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து, இங்கேயே குடும்பமாகிப்போன ஒரு ரசிகரும் அப்படித்தான். பிறந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட். சிவப்பு, மஞ்சள் சட்டையை அவர் மேல் ஏற்றியவர்கள் கேரித் தீவுத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள். பால்மரக் காலத்திலும் பிறகு செம்பனைக் காலத்திலும் தோட்டத்து ஆட்களுக்கு மாலைப் பொழுது என்றால் திடல்தான். வந்தவருக்கு இந்த நாடு பழகியதும் அந்தத் திடலோரப் பேச்சில்தான்.

"தம்பி, ஆறுமுகம் நிக்கிற கோலில் பந்து போடணும்னா கொடுத்து வச்சிருக்கணும்" என்று அவரிடம் முதலில் சொன்னவர் ஓர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்.

நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியில் இருந்தவர். நாடு அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் அவரால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அவருக்கு முன் எம். சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக் அணிக்குத் தலைவராக இருந்தார். 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றபோதும் தலைவர் அவரே. இருவரும் சிலாங்கூருக்கு ஆடியவர்கள். மொக்தார் டஹாரி கோல் அடித்த அதே அணி. இந்தப் பெயர்களைக் கேட்ட பிறகு வேறு அணியைத் தேட அந்த ரசிகருக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் இன்றைய நிலை அவரைச் சுடுகிறது. 1922-இல் முதன்முதலாக மலாயாக் கிண்ணத்தை (இன்றைய மலேசியக் கிண்ணம்) தூக்கிய சிலாங்கூர், இதுவரை அதை 33 முறை வென்றிருக்கிறது. ஆனால் 33-ஆவது வெற்றி 2015-இல், கெடாவை 2-0 என்று வீழ்த்தியபோது கிடைத்தது. 2022 இறுதியாட்டத்தில் ஜொகூர் டாருல் தாக்சிமிடம் 1-2 என்று தோற்றது. லீக் பட்டமோ 2010-க்குப் பிறகு இல்லை. 2014 முதல் 2024-25 வரை எல்லா லீக் பட்டங்களையும் ஜொகூரே எடுத்துக்கொண்டது. 'இரண்டாம் இடத்துக்கு வந்தோமே' என்று யாராவது சமாதானம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மற்ற அணிகளிடம் பந்தை விரட்டி விரட்டிப் பிடிக்கும் ஆட்டக்காரர்கள், ஜொகூரைக் கண்டதும் பின்வாங்கி நிற்கிறார்கள் என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு பயிற்சியாளர்களை மாற்றும் வேகம். பி. மணியம் வந்தார், போனார். பி. சத்தியநாதன் 2019-இல் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அவரும் நீக்கப்பட்டார். ஓர் அணியைக் கட்டக் கொஞ்சம் பொறுமை வேண்டாமா?

அணிக்குச் சொந்த வீடும் இல்லாமல் போயிற்று. 1994-இல் திறந்த ஷா ஆலம் அரங்கம் 80,000 பேர் உட்காரக்கூடியதாக இருந்தது. கூரை பழுதாகி, பராமரிப்பின்றிப் பாழடைந்து, 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். செலாயாங், செராஸ் என்று அலைந்த அணி இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஆடுகிறது. ஜெஞ்சாரோமில் ரயில் கிடையாது. வேலை முடித்துக் கிள்ளான் வழியாக நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஆனாலும் 2024 மே மாதத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும். மே 5 அன்று பேரங்காடி ஒன்றில் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது அமிலம் வீசப்பட்டது. ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் அடித்து நாட்டையே எழுந்து நிற்க வைத்த பையன். மே 10 அன்று ஜொகூருடன் நடக்கவிருந்த, பருவத்தைத் தொடங்கிவைக்கும் சும்பாங்சே கிண்ண ஆட்டத்துக்குச் சிலாங்கூர் போகவில்லை; ஜொகூருக்கு 3-0 வெற்றி வழங்கப்பட்டது. அணி எடுத்த முடிவுகளிலேயே சரியான முடிவு அதுதான் என்பார். உயிருக்குப் பயந்து நிற்கும் இளைஞர்களைத் திடலுக்கு இழுக்கக் கூடாது.

பெட்டாலிங் ஜெயா அரங்கில் இன்னொரு கதையும் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த மிஃபா அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் இறங்கியது. 2022-இல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடியது. அந்தப் பருவத்தோடு போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. அவர் சிலாங்கூர் ரசிகர்தான். என்றாலும் அந்த இழப்பு அவருக்குச் சொந்த இழப்பு. தமிழ்ப் பையன்கள் முதல்தரக் காற்பந்துக்கு ஏற இருந்த ஓர் ஏணி போய்விட்டது.

அந்த ஏணியைச் சிலாங்கூர்தான் திரும்ப வைக்க வேண்டும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். ஷா ஆலமில் எழும் புதிய அரங்கில் 45,000 இருக்கைகள் வருமாம், வரட்டும். அதற்கு முன் அணியின் பயிற்சியாளர்கள் ஒரு சனிக்கிழமை பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் திடல்களுக்கு வந்து பார்க்கட்டும் என்கிறார்.