ஈட்டும் வழியும் ஈயும் கையும்

நொய்யலாற்றின் கரையிலுள்ள ஊரொன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம் அது. ஆண்டு 2010. இருக்கைகள் போதாமையால் ஏழாம் வகுப்பு மாணவர்கள் தரையில் அமர்ந்து படித்தனர். அருகிலிருந்த சாயச்சாலை ஒன்றின் உரிமையாளர் நூறு இருக்கைகள் வாங்கித் தந்தார். பாராட்டு விழாவுக்கு வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையெழு வள்ளல்களுக்கு அடுத்து எட்டாம் வள்ளல் என்று அவரைப் புகழ்ந்து எழுதினேன். அரங்கில் கைதட்டல் நெடுநேரம் ஒலித்தது.

விழா முடிந்து அனைவரும் கலைந்தபின், அச்சாயச்சாலையின் மேலாளர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவர் என் பழைய மாணவர்.

“ஐயா, தாங்கள் மடலைப் படித்தபோது என்னால் தலைநிமிர இயலவில்லை. சென்ற வாரம் மழை பெய்த இரவில் கழிவுநீரை ஆற்றில் திறந்துவிடச் சொன்னவன் நான்தான்” என்றார்.

நான் திகைத்து நின்றேன். அவரே தொடர்ந்தார். “சுத்திகரிக்க ஆகும் செலவைத் துணி வாங்குவோர் தருவதில்லை. பக்கத்துச் சாலைக்காரர் திறந்துவிடுகிறார். நாம் மட்டும் செலவழித்தால் தொழில் நிலைக்காது என்கிறார் முதலாளி. இருநூறு பேர் என் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிழைப்பையும் பார்க்க வேண்டுமே! நான் என்ன செய்திருக்க வேண்டும், ஐயா?”

அறத்துப்பாலை ஆண்டுதோறும் நடத்திய எனக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே, பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால், சாயக்கழிவும் உப்பும் அணையில் வந்து தேங்கின. வயலுக்கென்று கட்டிய அணையின் நீரே வயலுக்குப் பகையாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். மாசுபடுத்தியவரே அதற்குரிய இழப்பை ஏற்க வேண்டும் என்னும் நெறியை 2009இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் வலியுறுத்தியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட சாலைகள் மூடப்பட்டன. வெளியூர்த் தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் திரும்பினர்.

யாருடைய பிழைப்பைக் காப்பதாக எண்ணி அந்த இரவில் ஆற்றில் கழிவு திறக்கப்பட்டதோ, அவர்களுடைய பிழைப்பே முதலில் பறிபோனது. தவறு செய்து காக்கப்படும் தொழில் உண்மையில் காக்கப்படுவதில்லை. அதன் வீழ்ச்சி தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவே. மாணவர் கேட்ட வினாவுக்குக் காலம் தந்த விடை இது.

பின்னர் வந்த 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135ஆம் பிரிவில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை வரையறுத்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைக் கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல் போன்ற பணிகளுக்குச் செலவிட வேண்டும். தன் இயல்பான தொழில் நடவடிக்கைக்கான செலவை இக்கணக்கில் காட்ட இயலாது. தன் கழிவைத் தானே தூய்மை செய்வது கடமை. அது கொடையாகாது என்பது இதன் உட்பொருள்.

அந்த 2 விழுக்காடு எங்கே செல்கிறது என்று கேட்கும் நாம், 100 விழுக்காடும் எவ்வழியில் வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம். நானும் அன்று மறந்தேன். வணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை; நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார். ஆறும் பிறர் பொருள்தான். கீழ்மடை உழவனின் பொருள். இனிப் பிறக்கும் குழந்தையின் பொருள்.

சில ஆண்டுகளுக்குப்பின் அம்மாணவரை மீண்டும் சந்தித்தேன். கழிவுநீரிலிருந்து நீரையும் உப்புக்கரைசலையும் மீட்டுச் சாயமிடவே திரும்பப் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் பொறுப்பேற்றிருந்தார்.

“இப்போதும் தவறான ஆணைகள் வருமா?” என்று கேட்டேன்.

“வரும், ஐயா. எல்லாம் வாய்மொழியாகவே வரும். எழுத்தில் தாருங்கள் என்று கேட்பேன். இதுவரை எவரும் எழுதித் தந்ததில்லை” என்று சிரித்தார். பின்பு குரல் தாழ்த்தி, “அந்த இரவில் இதைக் கேட்கத் தோன்றவில்லை” என்றார்.

அந்த நூறு இருக்கைகளில் இன்றும் பிள்ளைகள் அமர்ந்து படிக்கிறார்கள். அவற்றைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால், அதன்பின் எவருக்கேனும் வாழ்த்துமடல் எழுதக் கேட்டால், அவருடைய தொழிற்சாலையின் பின்புற வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தே எழுதத் தொடங்குகிறேன். நாளை நீங்கள் மேலாளர்களாகலாம், முதலாளிகளும் ஆகலாம். உங்களைப் பற்றி எழுத வருபவர் முன்வாயிலில் நின்றாலும் பின்வாசலில் நின்றாலும் ஒரே மடலை எழுத இயல வேண்டும்.