தொரப்பள்ளியில் ஓர் எளிய இல்லம்

ஓசூர் மலைமீது எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேஸ்வரரைத் தரிசிக்க வரும் அன்பர்கள், அருகிலுள்ள தொரப்பள்ளி கிராமத்துக்கும் சென்று வரலாம். தொழிற்சாலைகள் பெருகிவிட்ட அவ்வட்டாரத்தில், மூதறிஞர் ராஜாஜி பிறந்த இல்லம் அரசின் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது.

1878 டிசம்பர் 10 அன்று கிராம முன்சீப்பின் மகனாக இங்கு பிறந்த குழந்தையே, 1948-இல் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, டில்லியில் வெள்ளையர் எழுப்பிய பெருமாளிகையில் குடியேறியது. 1950-இல் அப்பதவியே இல்லாதொழிந்தது. மாளிகை வாசமும் முடிந்தது.

ஆனால், பாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்றும், இராமகாதையை ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்றும் எளிய தமிழில் அவர் அளித்த நூல்கள் இன்றும் இல்லங்களில் வாசிக்கப்படுகின்றன. பின்னதற்கு 1958-இல் சாகித்ய அகாதமி விருதும் கிட்டியது.

மலையிறங்கி இவ்வில்லம் காணும் பெற்றோர், அன்றிரவே பிள்ளைகளுக்கு அந்நூலில் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினால், யாத்திரை நிறைவு பெறும்.