சந்தைக்குப் போகாத பேச்சு

சோளக்காட்டில் ரகசியம் தங்காது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்துக்கொண்டு வந்து நிற்கிற ஊர் அது. இறங்குகிறவர் கையில் துணிக்கடைப் பையா, ஆஸ்பத்திரிப் பையா என்பது டீ ஆறுவதற்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். சந்தையன்று கேட்கவே வேண்டாம். பலாவுக்கும் அன்னாசிக்கும் விலை பேசுகிற வாய், நடுவில் ஒரு குடும்பக் கதையையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் அடுத்த கூறுக்கு நகரும்.

அம்மா இறந்த பிறகு எனக்கு ராத்தூக்கம் விட்டுப்போனது. சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயாதான் முதலில் கவனித்தது. "காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கும் கண்ணு, வா, குறி கேட்டுட்டு வந்துரலாம்." போனோம். பூசாரி கண்ணை மூடி உடம்பை உதறி, நான் வாயே திறக்காமல் என் கதையைச் சொன்னார். பாதி சரியாகவே இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பினார். அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கவும் செய்தேன். குறி கேட்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒருத்தருக்கு வந்த துன்பத்தை நாலு பேர் அறிய ஒப்புக்கொள்கிற இடம் அது. ஆனால் அந்த நாலு பேரும் மறுநாள் சந்தையில் இருந்தார்கள்.

பிறகு சேலத்தில் ஒரு மனநல ஆலோசகரின் அறைக்குள் நுழைந்தபோதும், அவர் சொல்வார், நாம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். சோபா இல்லை, படுக்கை இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். முதல் பேச்சே ரகசியம் காப்பதைப் பற்றி. "இங்க பேசறது இங்கயேதான் இருக்கும். உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்குதுன்னா மட்டும், நான் வெளிய சொல்லித்தான் ஆகணும்." இது அவருடைய தனிப்பட்ட பெருந்தன்மை அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை நம் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012இல் வந்த போக்சோ சட்டம்.

பிறகு கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், குடி உண்டா, முன்னே யாருக்காவது இப்படி இருந்ததா. "செத்துப்போயிரலாம்னு எப்பவாச்சும் தோணியிருக்கா?" என்பதையும் "சாப்டீங்களா?" என்கிற அதே குரலில் கேட்டார். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வந்திருந்தால் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும்.

இப்படிப் பேசித் தேறுவதற்கு ஒரு பழைய கதை சொல்வார்கள். வியன்னாவில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்று ஒரு இளம்பெண் இருந்தார். அப்பாவின் நோய்ப்படுக்கையருகே கண்விழித்துக் கிடந்தவர், 1880இல் தானும் நோயில் விழுந்தார். யோசப் பிராயர் என்ற மருத்துவரிடம் பேசிப் பேசியே தேறினார் என்று, பெயரை மறைத்து 'அன்னா ஓ' என்ற அடையாளத்தில், 1895இல் பிராயரும் ஃபிராய்டும் எழுதினார்கள். பேச்சுச் சிகிச்சையின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். உண்மையில் பிராயரிடம் பேசி முடித்த பிறகும் அவர் மருத்துவமனைகளில் இருக்க வேண்டி வந்தது. பிற்பாடு ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கி நடத்தினார். 1936இல் அவர் காலமானார். 1953இல் ஃபிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் மறைத்துவைத்த அந்தப் பெயரை அச்சில் போட்டு உடைத்தார். வியன்னாவும் ஒரு சோளக்காடுதான்.

அம்மாவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். என்னிடம்தான் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சேலத்து ஆலோசகர் கேட்டார்: "அம்மாகிட்ட கடைசியா என்ன பேசினீங்க?" மிளகு காயப்போட்டாச்சா என்று போனில் கேட்டதைச் சொன்னேன். அதற்கு அம்மா, "வெயிலே இல்லயே, எங்க காயுது?" என்றது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் பறித்த பச்சை மிளகை வாசலில் பாயில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் கறுக்கவிடுவது அம்மாவின் வேலை. சொல்லி முடித்தேன். எதிரே இருந்தவர் எதுவும் சொல்லவில்லை. "அழாதீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. சோளக்காட்டில் அத்தனை நேரம் யாரும் என்னைச் சும்மா விட்டதில்லை.

"இப்ப நான் என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திரும்பி வரும். எரிச்சலாக இருக்கும். வீட்டுப்பாடம் உண்டு. நோட்டில் மூன்று பத்தி: என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது. ஒரு தடவைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. சில நாள் போனதைவிட மோசமாகத் திரும்புவோம்; பழைய புண்ணைக் கழுவினால் எரியத்தான் செய்யும். மூன்று நாலு தடவை போயும் மனசு ஒட்டவில்லையென்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். பேச்சு உளவியலாளரின் வேலை. சிலருக்கு இரண்டும் வேண்டும்.

சேலம் போய்வரும்போதெல்லாம் ஆயா திண்ணையில் மறித்துக் கேட்கும்: "அங்க போயி அப்படி என்னதான் கண்ணு பேசற? எங்கிட்ட சொன்னா ஆகாதா?" ஆயாவிடம் சொன்னால் ஆயா அழும்; அப்புறம் நான் ஆயாவைத் தேற்ற வேண்டும். அந்த அறையில் யாரையும் தேற்ற வேண்டியதில்லை.

ஆனால் மலையிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1990களின் பிற்பாதியில் பக்கத்துத் திருச்சியில்தான் தொடங்கியது; இன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோவாவில் விக்ரம் படேலும் 'சங்காத்' அமைப்பும் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் 6 முதல் 8 அமர்வுகள் பேசவைத்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. கொல்லிமலைக்கு ஏற்ற வழி இதுதான். ஒரே நிபந்தனை: பயிற்சியின் முதல் பாடம், கேட்டதைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது.

அதுவரை போன் இருக்கிறது. 14416, மத்திய அரசின் டெலிமானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். முதல் தடவை பேச்சு வராவிட்டால், "எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை எதிரே இருப்பவர் கேட்பார்.